மடக்கெழுத்தாணியும் சேலத்து வேட்டைக்கத்தியும்: பழங்கத்திகளைத் தொகுத்தலும் இனங்காணலும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தில் புழங்கிய பழைய மடக்குக்கத்திகளும் வேட்டைக்கத்திகளும் இன்று தனியார் தொகுப்புகளிலும் அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றை இனங்காணும்போது அலகில் உள்ள பொறிப்பையே முதற்சான்றாகக் கொள்ளும் வழக்கம் நிலவுகிறது. பொறிப்பு தனித்து நின்று காலத்தையும் செய்தவரையும் உறுதிப்படுத்தாது என்பதையும், மூட்டு, பிடி, பூண், உறை, தேய்மானம் ஆகியவற்றோடு தமிழ்ப் பெயர் வழக்கும் சொல் வழக்கும் சேர்த்து ஆராயப்பட வேண்டும் என்பதையும் மடக்கெழுத்தாணி, சேலத்து வேட்டைக்கத்தி என்னும் இரு சான்றுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மடக்கெழுத்தாணி, வேட்டைக்கத்தி, சேலம், பொறிப்பு, உருக்கு, பொருள்சார் பண்பாடு.

முன்னுரை

இந்தியப் படைக்கலங்களைப் பற்றிய ஆய்வில் வாளும் ஈட்டியும் கட்டாரியும் பெற்ற கவனத்தைச் சிறுகத்திகள் பெறவில்லை. எகர்டன் 1880-இல் வெளியிட்ட இந்திய ஆயுதங்கள் பற்றிய விளக்கக் கையேடு முதல், ராபர்ட் எல்குட் 2004-இல் வெளியிட்ட இந்து ஆயுதங்களும் சடங்கும் பற்றிய நூல் வரை, போருக்கும் வழிபாட்டுக்கும் உரிய கருவிகளே மையமாக அமைந்தன. 1855-இல் தஞ்சை மராட்டியர் அரசு முடிவுக்கு வந்த பின், அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் இருந்தவற்றுள் ஒரு பகுதியே சென்னை அரசு அருங்காட்சியகத்தை வந்தடைந்தது. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயிற்று. எழும்பூரில் உள்ள அத்தொகுப்பு இன்று தென்னிந்தியப் படைக்கல ஆய்வுக்கு அடிப்படையாக விளங்குவதற்கு அதன் வேலைப்பாடு மட்டும் காரணமன்று. பொருள் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருப்பதே அதன் தலையாய சிறப்பு.

சிறுகத்திகளுக்கு அத்தகைய வரலாறு வாய்ப்பதில்லை. அவை இடுப்பிலும் பெட்டியிலும் பரணிலும் இருந்தவை. சென்னையின் தென்பகுதியில் இவை இருந்ததற்கு இருவேறு சூழல்கள் உண்டு. தண்டீசுவரர் கோயிலைக் கொண்ட வேளச்சேரி, மயிலாப்பூர், திருவான்மியூர் போன்றவை நகரம் வந்து சூழ்வதற்கு முன்பே கோயிலும் கணக்கும் சுவடியும் கொண்ட ஊர்களாக இருந்தவை. அதே வேளச்சேரியை ஒட்டிய கிண்டிக் காடு, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பு வேட்டைக்குரிய காப்புக்காடாக இருந்தது. கணக்கர் வீட்டு எழுத்தாணியும் அதிகாரியின் வேட்டைக்கத்தியும் ஒரே நகரின் பழம்பொருள் கடையில் அடுத்தடுத்துக் கிடப்பது இதனால் வியப்புக்குரியதன்று. 1900-இல் திறக்கப்பட்டு 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டும், அதன் வணிகர்கள் பின்னர் இடம்பெயர்ந்த அல்லிக்குளம் வளாகமும் இத்தகைய பொருள்கள் கைமாறிய இடங்கள். ஆனால் கடையில் வாங்கிய பொருளுக்கு முன்வரலாறு பெரும்பாலும் இருப்பதில்லை. அந்நிலையில் பொருளே தன்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சொல்லும் பொருளும்

தொகுப்போர் இடையே புழங்கும் வகைப்பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சந்தையிலிருந்து வந்தவை. அவற்றை அப்படியே ஏற்கும்போது தமிழில் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன. மடித்துப் பிடிக்குள் அடக்கும் கத்தி மடக்குக்கத்தி எனப்படுகிறது. ஈழத்தில் அதற்கு வில்லுக்கத்தி என்ற பெயர் வழங்குகிறது. இவ்விரு சொற்களும் ஒரே பொருளைக் குறிப்பனவாகத் தோன்றினாலும் ஒன்று செயலைச் சுட்டுகிறது. மற்றொன்று உறுப்பைச் சுட்டுகிறது. மடக்குக்கத்தி எல்லாவற்றிலும் வில் இருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வேறுபாடு காலத்தையும் செய்முறையையும் அறிய எவ்வளவு பயன்படும் என்பது பின்னர்க் காட்டப்படும்.

சூரி அல்லது சூரிக்கத்தி என்பது சிறுகத்தி. வடமொழிச் சொல்லின் வழிவந்தது. பிச்சுவா என்பது தேளைக் குறிக்கும் இந்திச் சொல்லோடு தொடர்புடையது. வளைந்த குத்துக்கத்தியைக் குறிக்கிறது. குடகு நாட்டவர் இடுப்பில் அணியும் பீச்சேக்கத்தி இதனின்றும் முற்றிலும் வேறானது. ஒலி ஒப்புமையால் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது விற்பனைப் பட்டியல்களில் நேரக்கூடிய குழப்பம். பேனாக்கத்தி என்பதோ தன் பிறப்பைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது: இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு ஐரோப்பியர் வைத்திருந்த சிறுகத்தி அது. இறகு மறைந்த பின்னும் பெயர் நின்றுவிட்டது.

உறுப்புகளுக்கும் தமிழில் சொற்கள் உள்ளன. அலகு, வாய், முதுகு, பிடி, பிடியின் தலைப்பில் இடும் பூண், இருபக்கப் பட்டைகளையும் இறுக்கும் தறையாணி, உறை ஆகியன இன்றும் கொல்லுலைகளில் வழங்குவன. இரும்பைக் காய்ச்சி நீரில் தோய்த்து வன்மை ஏற்றுவதைத் தோய்ச்சல் என்பர். இச்சொற்களைக் கொண்டே விவரக்குறிப்பை எழுதினால் ஒரு நன்மை உண்டு: பொருளைச் செய்த கொல்லரின் வழித்தோன்றல்களிடம் அக்குறிப்பைக் காட்டிக் கருத்துக் கேட்க முடியும். ஆங்கிலக் கலைச்சொல்லின் ஒலிபெயர்ப்பைக் காட்டி அவ்வாறு கேட்க இயலாது.

மடக்கெழுத்தாணி

தமிழ் நிலத்தில் பிறந்த மடக்குக்கத்தியைத் தேடுவோர் கத்திகளிடையே தேடுவதால் அதனைக் காணத் தவறுகின்றனர். அது எழுதுகருவிகளிடையே வைக்கப்பட்டுள்ளது. உ. வே. சாமிநாதையர் (1855-1942) தம் வரலாறாகிய ‘என் சரித்திரம்’ நூலில் தம் இளமைக்கால எழுதுமுறையை விளக்கும் இடத்தில் எழுத்தாணி வகைகளைக் குறிப்பிடுகிறார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என அவை வேறுபடும். குண்டெழுத்தாணி தலையில் குண்டு உடையது. வாரெழுத்தாணியில் எழுதும் முனைக்கு மறுபுறம் ஓலையை வாருவதற்குரிய கத்தி அமைந்திருக்கும். மடக்கெழுத்தாணியில் ஊசியும் கத்தியும் பிடிக்குள் மடங்கும். அதன் பிடி மரத்தாலோ தந்தத்தாலோ கொம்பாலோ ஆனது.

இங்குக் கத்தி ஓர் அழகுக்கான இணைப்பன்று. பனையோலையை எழுதுவதற்கு முன் ஈர்க்கை நீக்கி, ஓரங்களை நேராக வாரி, ஒரே அளவாக நறுக்க வேண்டும். ஓலை நாரோட்டம் உடையது. மழுங்கிய கத்தி ஓரத்தைக் கிழித்துவிடும். எனவே மெல்லிய, நேரான, கூர்மை நிற்கும் அலகு தேவைப்பட்டது. எழுதும் ஊசியோ வெட்டக்கூடாது, கீறவேண்டும். அதன் முனை சற்றே உருண்டு வலுவாக இருத்தல் வேண்டும். ஒரே பிடிக்குள் இருவேறு தோய்ச்சல் பெற்ற இரு இரும்புத் துண்டுகளை அடக்கிய கொல்லனின் திறம் இதுவரை போதிய அளவில் விளக்கப்படவில்லை.

ஐரோப்பியப் பேனாக்கத்தியும் தமிழ் மடக்கெழுத்தாணியும் எழுத்துத் தொழிலால் பிறந்த மடக்குக்கத்திகள் என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது. ஒன்று எழுதுகோலைச் சீவியது. மற்றொன்று எழுதப்படும் பொருளைச் சீவியது. எனினும் உலக மடக்குக்கத்தி வரலாற்றில் முன்னது முதல் அதிகாரத்தைப் பெற, பின்னது கத்தி என்றே எண்ணப்படவில்லை. சுவடியியலார் அதனை எழுத்தாணியாக மட்டும் கண்டனர். படைக்கல ஆய்வாளர் எழுத்தாணி என்பதால் ஒதுக்கினர். இருதுறைகளுக்கும் இடையே விழுந்த பொருள் இது.

மடக்கெழுத்தாணியை இனங்காண்பதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஊசி முறிந்து கத்தி மட்டும் எஞ்சிய நிலையில் அது சாதாரண மடக்குக்கத்தியாகவே தோன்றும். அப்போது பிடியின் இரு முனைகளையும் நோக்க வேண்டும். மறுமுனையில் வெறுமையான மூட்டாணித் துளை இருப்பின், அல்லது பிடியின் உட்பள்ளத்தில் அலகின் அகலத்துக்குப் பொருந்தாத குறுகிய தடம் ஒன்று தேய்ந்திருப்பின், அங்கு ஊசி இருந்தது எனக் கொள்ளலாம். அலகின் தேய்மானமும் துணைசெய்யும். காய்கறி அரிந்த கத்தி நடுப்பகுதியில் தேய்ந்து வளையும். ஓலை வாரிய கத்தியின் வாய் பெரும்பாலும் நேர்க்கோடாகவே குறுகும். ஓலையின் ஓரத்தை நேராக வைத்துக்கொள்ளவேண்டிய தேவை அலகையும் நேராக வைத்துக்கொள்ளச் செய்திருக்கும்.

மூட்டும் வில்லும்

மடக்கும் கத்திகள் அனைத்தையும் முதலில் மூட்டைக் கொண்டே பகுக்க வேண்டும். வில் இல்லாத மூட்டில் அலகு உராய்வால் மட்டுமே நிற்கிறது. தறையாணியின் இறுக்கம் தளரத் தளர அலகு ஆடும். உரிமையாளர் ஆணியின் தலையைத் தட்டி மீண்டும் இறுக்குவார். அதனால் ஆணியின் தலை பரந்தும் சுற்றிலும் சுத்தியல் தழும்புகளோடும் காணப்படும். இத்தழும்புகள் குறையல்ல, பொருள் நீண்டகாலம் பயன்பட்டதற்கான சான்று. வில் உள்ள மூட்டில் பிடியின் முதுகுப் பக்கம் ஓர் உருக்குப் பட்டை ஓடி, அலகின் அடியை அழுத்தி, திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் நிறுத்துகிறது. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டு முதல் வளர்ந்த இம்முறை பின்னர்ச் செப்பீல்டுக் கத்திகள் வழி உலகெங்கும் பரவியது.

வில் இருப்பதனாலேயே ஒரு கத்தி இறக்குமதியாகிவிடாது. உள்ளூர்க் கொல்லர் பார்த்துச் செய்திருக்கலாம். அவ்வாறு செய்தவற்றைப் பிரித்தறிய வில்லின் உட்புறத்தை நோக்குவது நலம். ஆலைப் பொருளில் உட்புறமும் ஒரே சீராக இருக்கும். கைவினைப் பொருளில் கண்ணுக்குத் தெரியும் பக்கம் மட்டும் அரத்தால் மெருகேறியிருக்க, உட்புறத்தில் சம்மட்டி அடையாளமும் உலைக் கருமையும் எஞ்சியிருக்கும். அலகைத் திறக்க நகம் பதியும் பள்ளமும் இவ்வாறே: அச்சில் அழுத்தியது ஒரே ஆழமாகவும், உளியால் வெட்டியது ஒருபுறம் ஆழ்ந்தும் காணப்படும்.

சேலம்: பொறிப்பும் பெயரும்

தென்னிந்திய வேட்டைக்கத்திகளுள் உலகத் தொகுப்போரால் மிகவும் தேடப்படுவன ‘அர்னாசெல்லம், சேலம்’ என ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டவை. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் வேட்டைக்கு இவற்றை விரும்பி வாங்கினர். பன்றிவேட்டைக்குரிய ஈட்டித் தலைகளும் இப்பெயரில் அமைந்தன. அலகின் வடிவம் ஐரோப்பிய வேட்டைக்கத்தியைத் தழுவியது. செய்தவர் சேலத்துக் கொல்லர். பெயர் அருணாசலம் என்பதில் ஐயமில்லை. ஏல விற்பனையில் இப்பெயர் ஒரு வணிகக் குறியாக மாறி, பொறிப்பு உள்ள கத்திக்கு ஒரு விலையும் பொறிப்பு இல்லாத அதே வகைக் கத்திக்கு வேறொரு விலையும் வைக்கும் நிலை உருவாகியுள்ளது.

இங்குத்தான் தமிழ்ப் பெயர் வழக்கு பற்றிய அறிவு இன்றியமையாததாகிறது. தமிழ்க் குடும்பங்களில் பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவது பழைய வழக்கம். பெயரன் என்பதே பேரன் எனத் திரிந்தது. பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். கம்மாளர் குடும்பங்களில் தொழிலும் பெயரும் ஒருங்கே வழிவழி வருவன. ஆகவே அருணாசலம் என்னும் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பட்டறையில் மீண்டும் தோன்றியிருக்க இடமுண்டு. மகன் தந்தையின் முத்திரையையே தொடர்ந்து பயன்படுத்தியிருக்கவும் கூடும். ஐரோப்பியக் கத்தி ஆய்வில் ஒரு பெயர் ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் அடங்கும் என்ற கொள்கை ஓரளவு பொருந்தும். சேலத்துக்கு அதனைப் பொருத்துவது பிழையான காலக்கணிப்புக்கே வழிவகுக்கும். ‘அர்னாசெல்லம்’ கத்தி ஒவ்வொன்றையும் ஒரே கைவினைஞரின் ஒரே காலப் படைப்பாகக் காட்டும் பட்டியல்கள் இந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை.

எழுத்துக்கூட்டும் ஒரு சான்றாகும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ‘சலம்’ என்னும் ஈற்றைச் ‘செல்லம்’ என்று ஒலிக்கும்படி இரட்டை லகரத்தோடு ஆங்கிலத்தில் எழுதுவது 19-ஆம் நூற்றாண்டுச் சென்னை மாகாண வழக்கு. ஒலிபெயர்ப்பு முறைகள் பின்னர்ச் சீராக்கப்பட்டபோது அவ்வழக்கு அரசு ஆவணங்களில் மெல்ல மறைந்தது. ஆயின் வணிகப் பெயர்கள் சீராக்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை. மசாலாத் தூளுக்குப் பெயர்பெற்ற சென்னையின் வெங்கடாசலம் நிறுவனம் தன் பெயரைப் பழைய ‘செல்லம்’ ஈற்றோடே 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்து எழுதிவந்தது. பழைய எழுத்துக்கூட்டு ஒரு கத்தியின் முந்திய எல்லையை உய்த்துணர உதவலாம். பிந்திய எல்லையை அது சொல்லாது.

பொறிப்பை ஆராயும்போது மூன்று நிலைகளைப் பிரித்துக் காண வேண்டும்: செய்தவர் பெயர், விற்றவர் பெயர், வைத்திருந்தவர் பெயர். மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் வெள்ளிப் பொருளுக்கும் புகழ்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் பெயர் துப்பாக்கிகளிலும் காணப்படுகிறது. அங்கு அது விற்றவரின் பெயராக இருக்கவும் கூடும். வைத்திருந்தவர் பெயரோ பெரும்பாலும் உளியால் அல்லது ஊசியால் கீறப்பட்டது, ஆழம் ஒழுங்கற்றது. செய்தவர் முத்திரை தோய்ச்சலுக்கு முன் அடிக்கப்படுவது. வன்மை ஏறிய அலகில் முத்திரை அடித்தால் அலகு வெடிக்கலாம். முத்திரையும் ஆழப் பதியாது. எனவே பொறிப்பின் விளிம்பு மென்மையாக அலகின் பரப்போடு கலந்து, உட்பள்ளத்திலும் அலகின் மீதும் ஒரே வகைக் கருமை படிந்திருப்பின் அது தொடக்கத்திலேயே இட்டது எனலாம். பழைய அலகில் புதிதாக வெட்டிய பெயரில் பள்ளத்தின் அடி வெளிறியிருக்கும், அல்லது வேதிப்பொருளால் செயற்கையாகக் கறுத்திருக்கும். எட்டு மடங்கு பெருக்கும் கைவில்லையே இச்சோதனைக்குப் போதும்.

உருக்கு என்னும் அடைமொழி

சேலம் என்றவுடன் ‘வூட்ஸ்’ என்ற அடைமொழியும் ஒட்டிக்கொள்கிறது. உருக்கு, உக்கு ஆகிய தென்னிந்தியச் சொற்களின் சிதைவு எனக் கருதப்படும் அச்சொல் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அறிவியல் உலகில் நுழைந்தது. பம்பாயிலிருந்து ஹெலெனஸ் ஸ்காட் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்து பியர்சன் 1795-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாய்வுக்காக இலண்டன் கத்திக்கொல்லர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்திய உருக்கிலிருந்து செய்து பார்த்த பொருள் ஒரு பேனாக்கத்தி. சிறுகத்தி வரலாற்றில் தமிழ் ஆய்வாளர் நினைவில் கொள்ளத்தக்க நிகழ்வு இது. ஆயினும் அம்மாதிரி சேலத்தினின்று சென்றது எனக் கூறுவதற்கில்லை.

சேலப் பகுதி உருக்குச் செய்முறைக்குச் சிறந்த எழுத்துச்சான்று, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசயா மார்ஷல் ஹீத் எழுதி 1839-இல் வெளிவந்த கட்டுரை. தேனிரும்புத் துண்டுகளை உமி கலந்த களிமண் மூசையில் இட்டு, உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்த்து, எருக்கிலைபோன்ற பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒருசேர அடுக்கி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தியால் ஊதிக் காய்ச்சியதை அவர் விளக்குகிறார். குச்சியும் இலையும் கரிமத்தைத் தந்தன. மூடிய மூசைக்குள் இரும்பு அதனை ஏற்று உருகியது. மெல்ல ஆறிய கட்டியில் உருவான கரிமச் செறிவு வேறுபாடே பின்னர் அலகில் நீர்வரி போன்ற கோலமாக வெளிப்படும்.

ஆனால் எல்லா மூசை உருக்கும் நீர்வரி காட்டாது. காய்ச்சும் வெப்பமும் அடிக்கும் முறையும் மாறினால் கோலம் அழிந்துவிடும். மேலும் 19-ஆம் நூற்றாண்டில் செப்பீல்டு உருக்கும் தென்னிந்தியக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது. கிடைத்த நல்ல உருக்கைச் சேலத்துக் கொல்லர் பயன்படுத்தாமல் விட்டிருப்பார் எனக் கருதக் காரணமில்லை. பழைய அரம், வாள் துண்டு ஆகியவற்றை மறு உருவாக்குவது எந்தக் கொல்லுலையிலும் இயல்பு. ஆகவே ‘சேலத்துக் கத்தி, அதனால் வூட்ஸ்’ என்னும் அனுமானம் நிலைக்காது. கோலம் தெரிகிறதா என்று பார்க்கச் சிலர் அமிலம் தடவுகின்றனர். அதனால் ஒரு நூற்றாண்டாகப் படிந்த கருமை நீங்கி, பொறிப்பின் தொன்மையைச் சொல்லக்கூடிய ஒரே சான்றும் அழிகிறது. உருக்கின் இயல்பை அறிய வேண்டுமாயின் உலோகவியல் ஆய்வகத்தின் துணையை நாடுவதே முறை.

இறக்குமதிக் கத்திகள்

இவற்றைக் காலங்கணிப்பது ஒப்பீட்டளவில் எளிது; ஆகவே சுருக்கமாகக் கூறினால் போதும். செப்பீல்டு ஜோசப் ரோட்ஜர்ஸ் நிறுவனத்தின் விண்மீனும் சிலுவையும் கொண்ட குறி பலராலும் போலி செய்யப்பட்டது. குறியோடு அரச எழுத்தும் இருப்பின் ஆட்சிக்காலத்தை ஒட்டிக் காலம் கணிக்கலாம். விக்டோரியாவின் எழுத்து 1837-1901-ஐயும், ஏழாம் எட்வர்டின் எழுத்து 1901-1910-ஐயும் சுட்டும். ‘ஜி. ஆர்.’ என்பது நான்காம் ஜார்ஜையோ ஐந்தாம் ஜார்ஜையோ குறிக்கலாம். ஏறத்தாழ நூறாண்டு இடைவெளி கொண்ட இவ்விருவரையும் குழப்பாதிருக்கப் பிற சான்றுகள் வேண்டும். 1889-ஆம் ஆண்டின் இந்திய வணிகக்குறிச் சட்டமும், 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டமும் வந்த பின் நாட்டின் பெயர் அலகில் இடம்பெறுவது பெருகியது. ஊர்ப்பெயர் மட்டும் இருப்பது முற்பட்டதாகலாம், உறுதியன்று. துருப்பிடிக்கா எஃகு என்னும் பொறிப்பு இருப்பின் ஹாரி பிரியர்லியின் 1913-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்குப் பிற்பட்டது என்பதில் ஐயமில்லை.

வீட்டு வழக்கும் தேய்மானமும்

தமிழ் வீடுகளில் இருந்த கத்திகளுக்கு ஐரோப்பிய நூல்கள் சொல்லாத சில அடையாளங்கள் உண்டு. ஆயுத பூசையன்று கருவிகளைத் துலக்கிச் சந்தனமும் குங்குமமும் இடுவது வழக்கம். பல்லாண்டு தொடர்ந்த இவ்வழக்கத்தால் பிடிக்கும் பூணுக்கும் இடைப்பட்ட சந்துகளிலும் தறையாணித் தலையைச் சுற்றியும் சந்தனப் படிவு கெட்டித்திருக்கும். அழுக்கென எண்ணி அதனைச் சுரண்டி எறிவது, ஒரு கத்தி தமிழ் வீட்டில் புழங்கியது என்பதற்குரிய சான்றை எறிவதாகும். அதே துலக்கலுக்கு மற்றொரு விளைவும் உண்டு. பித்தளைப் பூணைப் புளியிட்டுத் தேய்த்ததால் அதில் இருந்த கீறல் வேலைப்பாடு மங்கி, உயர்ந்த பகுதிகள் வழவழப்பாகியிருக்கும். அலகு கூர்மையாகவும் பூண் மழுங்கியும் இருப்பின் பூண் அலகைவிடப் பழையது எனக் கருதத் தோன்றும். துலக்கல் வழக்கத்தை அறிந்தவர் அவ்வாறு முடிவு கட்டமாட்டார்.

தொகுப்போரும் சட்டமும்

இனங்காணல் என்பது ஆர்வத்தின்பாற்பட்டது மட்டுமன்று. பிடி எதனால் ஆனது என்னும் கேள்விக்குச் சட்ட விளைவு உண்டு. வேட்டைக்கத்திகளின் பிடி கடமான் கொம்பாகவும், எழுத்தாணியின் பிடி தந்தமாகவும் இருக்கக்கூடும். இவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருவன; யானைத்தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது. எலும்பைத் தந்தம் எனக் கூறி விற்பவரும், தந்தத்தை எலும்பு எனக் கூறித் தப்ப முயல்பவரும் சந்தையில் உள்ளனர். எலும்பின் பரப்பில் குருதிக் குழல்களின் நுண்துளைகள் கரும்புள்ளிகளாகவோ கோடுகளாகவோ தெரியும். யானைத்தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று குறுக்கிடும் வளைகோடுகள் காணப்படும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய முறை பொருளைக் கெடுப்பது, தவிர்க்கத்தக்கது.

படைக்கல விதிகளின்படி, வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமையாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகு கொண்ட கூர்ங்கருவிகள் படைக்கலம் என்னும் வகையுள் அடங்கும். வேட்டைக்கத்திகள் சில இவ்வளவை எட்டுவன. ஆதலின் அலகின் அளவைப் பிடியின்றித் தனியே எடுத்துப் பதிவது ஆய்வுக்கு மட்டுமின்றி உரிமையாளருக்கும் பாதுகாப்பு.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம் கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டு, பிற பொருள்களுக்கு 100 ஆண்டு என்னும் இருவேறு கால எல்லைகளை வகுக்கிறது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சுவடிக்கட்டும் அதனோடு இருந்த மடக்கெழுத்தாணியும் சட்டத்தின் முன் இருவேறு வகைப்பொருள்களாகிவிடுகின்றன.

பதிவு

நடைமுறையில் இப்பிரிவினை சட்டத்துக்கு முன்பே வீட்டிலேயே நிகழ்ந்துவிடுகிறது. வேளச்சேரியிலோ மயிலாப்பூரிலோ பழைய வீடு ஒன்று அடுக்ககத்துக்காக இடிக்கப்படும்போது சுவடி நூலகத்துக்குச் செல்லும் வாய்ப்பு உண்டு. இரும்பு எடைக்குப் போகும். நூலகம் வந்தடையும் எழுத்தாணியும் காட்சிப் பேழைக்குச் சென்று, எந்தச் சுவடியோடு வந்தது என்ற தொடர்பை இழக்கலாம். பெசன்ட் நகரில் உள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் போன்ற சுவடித் தொகுப்புகளைப் பயன்படுத்தும் ஆய்வாளர் சுவடியின் முன்னும் பின்னும் உள்ள எழுத்துக்குறிப்புகளை நுணுகிப் படிக்கின்றனர். எழுதிய நாள், எழுதியவர் பெயர், ஊர் ஆகியன அங்குக் கிடைக்கின்றன. அத்தகைய குறிப்போடு கூடிய ஒரு சுவடியும் அதனை வாரிய, எழுதிய மடக்கெழுத்தாணியும் பிரியாமல் பதிவாகுமாயின், அந்த எழுத்தாணியின் காலத்தை எந்தப் பொறிப்பின் துணையுமின்றி அணுக முடியும். அதன் மூட்டும் பூணும் அளவும் பிற எழுத்தாணிகளை ஒப்பிடுவதற்குரிய அளவுகோலாக அமையும். கத்திகளைத் தேடி மூர் மார்க்கெட்டின் வழித்தோன்றல்களான கடைகளுக்குச் செல்லும் ஆய்வாளர், சுவடி நூலகத்தின் வரவுப் பதிவேட்டில் ‘எழுத்தாணி ஒன்று’ எனச் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கக்கூடிய வரிகளையும் தேடுவது பயன்தரும். அவ்வரிக்கு எதிரே சுவடி எண்ணையும், அலகின் நீளத்தையும், மூட்டு வில்லுடையதா இல்லதா என்பதையும், பிடி எதனால் ஆனது என்பதையும் எழுதிச் சேர்க்க ஒரு பொருளுக்குக் கால்மணி நேரம்கூட ஆகாது.